தூளிக்கு ஏற்ற துணி

குழந்தைக்குத் தாய்மடிக்கு அடுத்தபடியாக வாய்க்கும் படுக்கை தூளியே ஆகும். கொங்கு நாட்டின் கரிசல் நிலங்களில் பருத்தி எடுக்கச் செல்லும் தாய்மார், வரப்போரத்து வேப்பமரக் கிளையில் தம் நூற்சேலையைத் தூளியாகக் கட்டி, அதிற் பிள்ளையைக் கிடத்திவிட்டு வேலையிற் புகுவர். காற்று ஆட்டும், நிழல் காக்கும், சேலை தாங்கும். தொலைவிலிருந்து தாய் ஒரு கண்ணைப் பருத்தியிலும் மற்றொரு கண்ணைத் தூளியிலும் வைத்திருப்பாள். அவள் அத்தனை நம்பிக்கையோடு பிள்ளையை ஒப்படைப்பது எதனிடம்? நாலைந்து முழத் துணியிடம் அன்றோ!

தூளி குழந்தைக்கு மட்டும் உரியது அன்று. சாலை எட்டாத மலையூர்களில், நோயுற்றோரையும் கருவுற்ற மகளிரையும் போர்வையிற் கிடத்தி, அப்போர்வையின் இருமுனைகளையும் மூங்கிலிற் கட்டித் தோளிற் சுமந்து அடிவாரத்திற்குக் கொணர்வர். கடல் கடந்த நாடுகளிலும் இப்படுக்கை உண்டு. 1492-ஆம் ஆண்டில் கொலம்பசு மேலைத்தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த மக்கள் பருத்தி நூலால் வலைபோற் பின்னிய தொங்கு படுக்கைகளில் உறங்குவதைக் கண்டார். பின்னர் ஐரோப்பிய மாலுமிகள் அதனை மேற்கொண்டனர். கித்தான் துணியால் தூளி தைத்துக் கப்பல்களிற் கட்டிக்கொண்டனர். அலையிற் கப்பல் சாய்ந்தாலும் தூளி நேரே தொங்கும். படுத்தவன் உருண்டு விழான். இக்காலத்தில் மலையேறுவோரும் சாரணரும் பாசறையில் தங்கும்பொழுது அதே தூளியைப் பயன்படுத்துகின்றனர். ஈரத்தரையும் எறும்பும் பூச்சியும் அணுகாத படுக்கை அது. மடித்தால் ஒரு சிறு பைக்குள் அடங்கும்.

அத்தகைய தூளியை விலைகொடுத்து வாங்காமல் தாமே தைத்துக்கொள்ள விரும்பும் மாணவர் உளர். விருப்பம் நல்லதே. ஆயினும் அதற்குரிய துணியைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்த பின்னரே ஊசியைக் கையில் எடுத்தல் வேண்டும். யான் அதனை ஒரு துன்பத்தின் வழியே கற்றேன். அத்துன்பம் உங்களுக்கு நேராதிருக்கும்பொருட்டு அதனை ஈண்டுக் கூறுகின்றேன்.

பல்லாண்டுகட்கு முன்னர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர் ஒன்றின் தோப்பில் எம் சாரண மாணவர் பாசறை அமைத்திருந்தனர். மேற்பார்வைக்கு யானும் உடன் சென்றிருந்தேன். ஒரு மாணவன் தன் பாட்டனாரின் பழைய எட்டு முழ மல்வேட்டியைக் கொண்டு தூளி கட்டினான். இரண்டு மரங்களுக்கிடையே துணி காயப்போடும் கொடிபோல அதனை இழுத்து விறைப்பாகக் கட்டியிருந்தான். "ஐயா, இது தாங்குமா?" என்று என்னிடம் வினவினான். யான் அதனைக் கையால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "தாங்கும், படு" என்றேன். நள்ளிரவில் சரேலென்று ஓர் ஓசை கேட்டது. விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். துணி இரண்டாகக் கிழிந்திருந்தது. மாணவன் தரையிற் கிடந்தான். ஊன்றிய வலக்கையின் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆண்டுத் தேர்வுக்கு இரண்டே திங்கள் இருந்தன. "தாங்கும்" என்ற என் ஒரு சொல்லை நம்பியன்றோ அவன் படுத்தான்! அறியாத ஒன்றை அறிந்தாற்போல உரைத்த குற்றம் என்னுடையதே.

அடுத்த வாரம் அக்கிழிந்த வேட்டியை எடுத்துக்கொண்டு சென்னிமலைக்குச் சென்றேன். படுக்கை விரிப்புக்கும் போர்வைக்கும் பேர்பெற்ற ஊர் அது. அங்குத் தறிக்குழியில் அறுபதாண்டு அமர்ந்த முதியவர் ஒருவர், துணியை வாங்கிக் கிழிந்த ஓரத்தை விரலால் தடவினார்; ஓர் இழையை உருவி, இரு கையாலும் பற்றி இழுத்தார். அது ஓசையின்றி அறுந்தது. பிறகு கிழிசலின் நடுவே கருகியிருந்த சிறு துளை ஒன்றைக் காட்டி, "நூல் பொய் சொல்லாதுங்க, வாத்தியாரையா, நாமதான் கேக்கறதில்லைங்க" என்றார். சமையல் நெருப்பின் பொறி பட்ட துளை அது. அன்று மாலை வரை அவர் எனக்குக் கற்பித்தவற்றையும், பின்னர் யான் கற்றுணர்ந்தவற்றையும் முறையே கூறுவேன்.

துணியின் இயல்பை அறிய வேண்டுமாயின் முதற்கண் நூலின் இயல்பை அறிதல் வேண்டும். நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. நன்னூல் செய்த பவணந்தியாரும் ஏட்டு நூலுக்கு இந்நூலையே உவமை கூறினார். சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், அறிவைக் கதிராகவும் காட்டினார். பஞ்சு தாழ்ந்ததாயின் இழை தாழும். இழை தாழின் துணி தாழும்.

நூலின் பருமனை 'நம்பர்' என்னும் எண்ணாற் குறிப்பது வழக்கம். 840 கசம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகின்றதோ, அத்தனையே அந்நூலின் நம்பர். இருபதாம் நம்பர் நூலில் 20 சிட்டம் ஒரு பவுண்டு நிற்கும். நூறாம் நம்பர் நூலில் 100 சிட்டம் நிற்கும். ஆகவே நம்பர் உயர உயர நூல் மெலியும். மல்வேட்டி உயர்ந்த நம்பர் நூலால் ஆனது. உடுத்தற்கு இனியது, மனிதனைத் தாங்குதற்கு உரியது அன்று. மேலும் பன்னாள் சலவைக்காரமும் வெயிலும் பட்ட பழந்துணியின் வலிமை புதுத்துணியின் வலிமையிற் பெரிதும் குறைந்திருக்கும். கண்ணுக்கு வெண்மையும் கைக்கு மென்மையும் கூடக்கூட, உள்ளே வலிமை தேய்ந்துகொண்டிருத்தல் உண்டு.

அடுத்து ஆராயத்தக்கது எடை. பாசறைக்குச் செல்வோன் தன் படுக்கையைத் தானே சுமக்க வேண்டியவன் ஆதலின், துணி இலேசாக இருத்தல் வேண்டும். துணியின் எடையை ஒரு சதுரமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்கிடுவர். அதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பக்கத்திற்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் துண்டை வெட்டி, நகை நிறுக்கும் தராசில் நிறுத்துப் பாருங்கள். வரும் கிராமை நூறால் பெருக்கினால் சதுரமீட்டரின் எடை கிடைக்கும். அத்துண்டு சதுரமீட்டரில் நூறில் ஒரு பங்கு அன்றோ! துண்டின் எடை ஒன்றரைக் கிராமாயின், துணி 150 கிராம் வகையைச் சார்ந்தது.

ஒருவர் படுக்கும் தூளிக்கு 3 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள துணி போதும். அதன் பரப்பு நாலரைச் சதுரமீட்டர். சதுரமீட்டருக்கு 400 கிராம் உள்ள கித்தானால் அதனைத் தைத்தால் 1,800 கிராம் நிற்கும். 150 கிராம் உள்ள நெருக்கமான பருத்தித் துணியால் தைத்தால் 675 கிராம் நிற்கும். 60 கிராம் உள்ள நைலான் துணியால் தைத்தால் 270 கிராமே நிற்கும். கித்தான் வலியது, ஆயினும் மலையேறும் முதுகு அதன் சுமையை ஒவ்வோர் அடியிலும் உணரும். எடை குறைவதே பெரிதென்று எண்ணி மல்துணியைக் கொண்டால் நேர்வது இன்னதென்பதை முன்னரே கண்டோம். ஆகவே, தாங்கவல்ல துணிகளுள் இலேசானதைத் தேர்க. இலேசான துணிகளுள் ஒன்றைத் தேர்ந்து அது தாங்கும் என்று நம்பாதீர்.

மூன்றாவது, நெசவின் வகை. தறியில் நீளவாட்டில் நிற்கும் இழைகள் பாவு எனப்படும்; குறுக்கே ஓடுவன ஊடை எனப்படும். பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகப் பின்னி நிற்கும் சாதா நெசவு தூளிக்கு ஏற்றது. இழைகள் நெருங்கி நிற்றல் வேண்டும். இழை நெருக்கமற்ற துணியில் எடை விழுந்தவுடன் இழைகள் ஒதுங்கி இடைவெளி அகலும். திருப்பூர் உலகெங்கும் அனுப்பும் பின்னலாடைத் துணி உடலுக்கு இதமானது, ஆயினும் அது கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது ஆதலின் இழுக்க இழுக்க நீளும், தூளிக்கு ஆகாது. சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிகளில் நெய்யும் காடாத் துணியில் நெருக்கமானதும் உண்டு, நெருக்கமற்றதும் உண்டு. பார்த்து வாங்குதல் வேண்டும். பவானி சமக்காளம் வலிமையிற் குறைந்தது அன்று. ஆனால் அதனைத் தரையில் விரிக்கலாமேயன்றி முதுகிற் சுமந்து மலையேறல் அரிது.

பாவு இழைகள் தறியின் இழுப்பைத் தாங்க வேண்டியவை. ஆதலால் பாவு நூல் பெரும்பாலும் ஊடை நூலினும் முறுக்கும் வலிமையும் மிக்கதாக அமையும். ஆகவே தூளியின் நீளம் துணியின் பாவு வழியே அமையுமாறு வெட்டுதல் வேண்டும். பாவு எது என்று அறிதல் எளிது. துணியின் கரை எத்திசையில் ஓடுகின்றதோ அத்திசையே பாவு.

இனி, பருத்தியா, செயற்கையிழையா என்னும் வினா எழும். பருத்தி வியர்வையை உறிஞ்சும், காற்றை விடும், உடலில் ஒட்டாது. நனைந்த பருத்தியிழையின் வலிமை குறைவதில்லை. சிறிது கூடவும் செய்யும். ஆனால் அது நீரை மிகுதியாகக் குடித்துக் கனக்கும். மழைநாளில் விரைவில் உலராது. ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுப்போகும். நைலான் 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வாலசு கரோதர்சு என்னும் வேதியியல் அறிஞர் குழுவினரால் ஆக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் வானினின்று குதிக்கும் வீரர்களின் பாரசூட்டுக்குப் பட்டின் இடத்தில் அது பயன்பட்டது. எடையை நோக்க அதன் வலிமை மிகப் பெரிது, விரைவில் உலரும். அதில் சிறு சிறு கட்டங்களாகத் தடித்த இழை இட்டு நெய்த வகை ஒன்று உண்டு. அதனை 'ரிப்சுடாப்' என்பர். ஓரிடத்திற் கிழிசல் தோன்றினும் அத்தடித்த இழை அதனை மேலும் ஓடவிடாது தடுக்கும். வயலில் ஓடும் நீரை வரப்புத் தடுப்பது போன்றது அது. ஆயினும் நைலானுக்கும் குறைகள் உண்டு. நனைந்தால் நெகிழும், நாள்தோறும் வெயிலிற் கிடந்தால் வலிமை இழக்கும், நெருப்புப் பொறி பட்டால் உருகும், வழுவழுப்பானது ஆதலின் முடிச்சு நழுவும். பாலியெஸ்டர் நைலானைப் போல் நீளாது. நீரையும் மிகச் சிறிதளவே ஏற்கும். ஆனால் உடலுக்குப் புழுக்கம் தரும். வீட்டுத் திண்ணையிலும் தோட்டத்திலும் கட்டப் பருத்தியே சிறந்தது. பலநாள் மலைப்பயணத்திற்கு நைலான் ஏற்றது.

கடையில் துணி வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள. துணியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை அறுந்த இடமும் மெலிந்த இடமும் புலப்படும். இரு கைகளாலும் கசக்கித் தேயுங்கள். வெண்பொடி உதிர்ந்தால், கஞ்சியினால் வந்த விறைப்பே துணியின் தடிப்பாகத் தோன்றுகின்றது என்று தெளிக. இரு பெருவிரல்களையும் அருகருகே ஊன்றி எதிரெதிரே இழுங்கள். இழைகள் விலகி நின்றால் அத்துணியை விட்டுவிடுக. ஓர் இழையை உருவி அறுத்துப் பாருங்கள். எளிதில் அறும் இழை பல சேர்ந்தும் பயன் சிறிதே. வாங்கிய பருத்தித் துணியை வெட்டுமுன் ஒருமுறை நீரில் நனைத்து உலர்த்துக. சுருங்குவது முன்னரே சுருங்கிவிடும். ஓரங்களை இருமுறை மடித்து உறுதியான நூலாற் பன்முறை தைத்தல் வேண்டும். ஓரத்திற் பட்ட சிறு கிழிசலே பெருங்கிழிசலுக்கு வாயில்.

நல்ல துணியைத் தேர்ந்தும் தவறாகக் கட்டினால் அது கிழிதல் கூடும். சென்னிமலை முதியவர், "இழுத்துக் கட்டினீர்களோ?" என்று கேட்டதன் பொருளை யான் பின்னர்க் கணித ஆசிரியரிடம் கேட்டறிந்தேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவன் தூளியிற் படுத்திருக்கின்றான் எனக் கொள்வோம். இருபுறக் கயிறுகளும் கிடைமட்டத்தினின்று 30 பாகை சாய்ந்து நின்றால், ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ அளவு இழுவிசை தோன்றும். இழுத்துக் கட்டியதனால் சாய்வு 10 பாகையாகக் குறைந்தால், இழுவிசை ஏறத்தாழ 170 கிலோ ஆகும். 5 பாகையானால் 340 கிலோவையும் கடந்துவிடும். படுப்பவன் எடை கூடவில்லை. கட்டிய முறையாலேயே துணியின் சுமை ஐந்து மடங்குக்கு மேற் பெருகியது. மெலிந்த துணி, பழந்துணி, பொறி பட்ட துளை, விறைப்பான கட்டு ஆகிய நான்கும் ஒருங்கு சேர்ந்தே அன்றிரவு அம்மாணவனை வீழ்த்தின. ஆகவே தூளியைத் தொய்வாகக் கட்டுக. மரத்திலிருந்து 7 அடி அகலும்பொழுது 4 அடி தாழுமாறு கயிறு இருந்தால் 30 பாகைச் சாய்வு ஏறக்குறைய அமையும். தொய்ந்த தூளியிற் சற்றுக் கோணலாகப் படுத்தால் முதுகும் வளையாது.

வேறு சில காப்புகளும் உண்டு. முருங்கை எளிதில் ஒடியும் மரம், அதிற் கட்டலாகாது. காய்த்த தென்னையின் கீழும் படுத்தலாகாது. பட்டை அறுபடாதிருக்க மரத்தில் அகன்ற நாடாவைச் சுற்றுக. நீவிர் அமரும்பொழுது தூளி தரையினின்று ஒன்றரை அடிக்கு மேல் இருத்தல் கூடாது. முதலில் உம் எடையினும் மிக்க மணல்மூட்டையை அதில் ஏற்றிச் சிறிது நேரம் விட்டுப் பார்த்த பின்னரே மெல்ல அமர்க. குதித்து ஏறுதல் ஆகாது. மற்றொன்றைச் சிறப்பாக நினைவிற் கொள்க. சேலையில் தூரி ஆடும் சிறுவர், துணியை முறுக்கிச் சுழன்று விளையாடுகையில் அது கழுத்தில் இறுகி உயிர் துறந்த செய்திகளைக் கேட்டிருப்பீர்கள். வீட்டில் தம்பி தங்கையர் இருப்பின், துணைக்குப் பெரியோர் இல்லாத வேளையில் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுக.

கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் நூற்பாலை தோன்றியது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்த பின்னர் ஆலைகள் பல பெருகின. அந்நகரம் தென்னாட்டு மான்செஸ்டர் என்று பெயர் பெற்றது. 1956-ஆம் ஆண்டில் 'சிட்ரா' என்னும் துணிநூல் ஆராய்ச்சி நிலையமும் அங்குத் தோன்றியது. நூலின் வலிமையையும் துணியின் வலிமையையும் பொறிகளால் அளந்து கூறும் அறிஞர் அங்கு உளர். அப்பொறி கூறுவதைத்தான் சென்னிமலை முதியவர் தம் இரு விரலால் அளந்து கூறினார். அத்தகைய நாட்டிற் பிறந்தும் துணியை உடுக்க மட்டும் அறிந்து, அதன் இயல்பை அறியாதிருத்தல் நமக்கு அழகாகுமா?

அம்முதியவர் யான் விடைபெறும்பொழுது, இரட்டை முறுக்கு நூலால் நெருங்க நெய்த விரிப்புத் துணி நான்கு மீட்டர் தந்தார். விலை கொடுக்க முற்பட்டேன். "கை முறிஞ்ச பையனுக்குக் குடுங்க, வாத்தியாரையா; தைக்கறத அவனே தைக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். கை தேறிய பின்னர் அம்மாணவன் அதனைத் தானே தைத்தான். மறு ஆண்டுப் பாசறையில் அதனைத் தொய்வாகக் கட்டி, மணல்மூட்டை ஏற்றிப் பார்த்துவிட்டு, என்னை நோக்கி, "ஐயா, தாங்கும்" என்றான். யான் அருகிற் சென்று, துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, கயிற்றின் சாய்வையும் நோக்கிய பின்னரே, "ஆம், தாங்கும்" என்றேன். அன்றிரவு அவன் நன்கு உறங்கினான், யானும் உறங்கினேன்.